விழுப்புரம் ஏட்டுக்குள் ஒரு கள்ளக்குறிச்சி

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் நூறு ஆண்களில் எத்தனை பேர் குடிக்கிறார்கள்? அவர்களில் எத்தனை பேருக்குக் குடி நோயாக முற்றியிருக்கிறது? 2024 ஜூனில் இங்குள்ள கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. சட்டமன்றத்தில் பேசினார்கள், நீதிமன்றத்தில் பேசினார்கள், தொலைக்காட்சியில் இரவிரவாகப் பேசினார்கள். நான் கேட்க நினைத்தது இந்த இரண்டு எண்களைத்தான். அவற்றைத் தேடி அரசு ஆய்வறிக்கைகளுக்குள் இறங்கினேன்.

முதலில் எடுத்தது ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு. மாவட்டத்துக்கு ஒரு தகவல் ஏடு போடுகிற ஆய்வு அது. குடிப்பழக்கத்துக்கும் அதில் தனி வரி உண்டு. காஞ்சிபுரம் இருந்தது. கன்னியாகுமரி, கரூர், கிருஷ்ணகிரி எல்லாம் இருந்தன. கள்ளக்குறிச்சி இல்லை. காரணம் அறிக்கையின் முன்னுரையிலேயே கிடைத்தது: 2017 மார்ச் 31 அன்று இருந்த மாவட்டப் பட்டியலை வைத்துத்தான் மாதிரியை எடுத்திருக்கிறார்கள். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26-இல். கணக்கெடுக்க வந்தவர்கள் 2020 தொடக்கத்தில் தமிழகத்தில் வீடு வீடாக ஏறியபோது இங்கே மாவட்டம் பிறந்துவிட்டது. அவர்கள் கையில் இருந்த பட்டியலுக்கு அது தெரியாது.

ஆகவே கள்ளக்குறிச்சி விழுப்புரம் ஏட்டுக்குள் கரைந்து கிடக்கிறது. பழைய விழுப்புரம் சின்ன இடம் அல்ல. 2011 கணக்குப்படி 34 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். கிழக்கே மரக்காணம் கடற்கரை, மேற்கே கல்வராயன் மலையின் வெள்ளிமலை. மீனவக் குப்பம், நெல் வயல், மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சதவீதம். 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் உயிர்களைக் குடித்ததே, அந்த ஊரும் இதே ஏட்டில்தான். ஓராண்டு இடைவெளியில் சாவு விழுந்த இரண்டு ஊர்களும் ஒரே தாளுக்குள் அடங்கிவிட்டன. படிக்கிறவருக்கு அது தெரியவே தெரியாது.

சரி, மாநில எண்ணையாவது நம்பலாமா? இங்கேதான் நான் நெடுநேரம் நின்றேன். 2015-16-இல் நடந்த நான்காவது ஆய்வில் தமிழக ஆண்களில் குடிப்பவர்கள் 46.7 சதவீதம். ஐந்தாவதில் 25.4. ஐந்தே ஆண்டில் குடி பாதியாகிவிட்டது என்று யாராவது மேடையில் சொன்னால் கைதட்டாதீர்கள். முதல் எண் 15 முதல் 49 வயது வரையுள்ள ஆண்களை நேரில் உட்காரவைத்துக் கேட்டது. இரண்டாவது 15 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்குமானது; வீட்டில் பதில் சொல்லக் கிடைத்த ஒருவரிடமே மற்ற அத்தனை பேருக்கும் சேர்த்துக் கேட்டது. ‘உங்க மகன் குடிப்பாரா?’ என்று வாசலில் நிற்கிற அந்நியர் கேட்டால் எந்தத் தாய் ஆமாம் என்பாள்? அதே ஆய்வு தமிழகப் பெண்களில் குடிப்பவர்கள் 0.3 சதவீதம் என்கிறது. கருணாபுரத்தில் இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள்.

இன்னொரு தடையும் உண்டு. தமிழ்நாட்டில் சட்டப்படி விற்கும் சாராயம் என்று ஒன்று கிடையாது. டாஸ்மாக் சரக்கைக் குடிப்பதை ஒப்புக்கொண்டால் மானம்தான் போகும். பாக்கெட் சாராயத்தை ஒப்புக்கொண்டால் மதுவிலக்குச் சட்டப்படி குற்றத்தையே ஒப்புக்கொண்டதாகும். ஆய்வாளரின் தாளில் அது எப்படி ஏறும்?

எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை மருத்துவ மையம் 2019-இல் வெளியிட்ட அறிக்கை பெரியது. 186 மாவட்டங்கள், 4.7 லட்சம் பேர். நாட்டில் 10 முதல் 75 வயதுக்குள் 14.6 சதவீதத்தினர் குடிக்கிறார்கள், குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்கே ஏதாவது சிகிச்சை கிடைக்கிறது என்கிறது. பெங்களூரு நிமான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு தமிழ்நாட்டையும் சேர்த்து 12 மாநிலங்களில் நடந்தது. மதுவால் கோளாறு உள்ளவர்களில் 86.3 சதவீதத்தினர் சிகிச்சைக்கு வெளியே. இரண்டுமே நேர்மையான ஆய்வுகள். ஆனால் இரண்டும் மாநில அளவோடு நின்றுவிடுகின்றன. கள்ளக்குறிச்சியின் கல்வராயன் மலை வரை வருவதில்லை.

பின்னோக்கிப் போனேன். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். அதன் விளைவை அளக்கச் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் முயன்றார், குடும்பங்களின் வரவு செலவே அந்த ஆய்வுக்கு அடிப்படை. எனக்குத் தெரிந்து இந்த மலைக்கு மிக அருகே வந்த பழைய ஆய்வு இதுதான். சின்னக் கல்வராயன் அப்போதும் சேலம் பக்கம். கள்ளக்குறிச்சி தென்னாற்காட்டில், அந்த முதல் மதுவிலக்குக்கு வெளியே. ஒரே மலை, மாவட்டக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம். ஜாகீர்தார்களின் பிடியில் மலை 1976 வரை இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அரசின் கணக்குப் புத்தகம் இங்கே தாமதமாக ஏறியதில் வியப்பில்லை.

மலையைப் பற்றித் தவறாமல் வருகிற ஒரே எண் காவல்துறையுடையது: இத்தனை லிட்டர் ஊறல் அழிப்பு. பேரல்களைக் கவிழ்க்கும் படத்தோடு செய்தி வரும். வெல்லமும் பட்டையும் போட்ட மலை ஊறல் வேறு, கருணாபுரத்தில் கொன்ற தொழிற்சாலை மெத்தனால் வேறு. அழித்த லிட்டரை வைத்துக் குடித்தவரை எண்ண முடியாது. குடித்தவரின் மனநிலையை எண்ணவே முடியாது.

2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையை வழக்காக எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் அங்கே பேசப்பட்டன. அந்தப் பட்டியலில் ஒரு கணக்கெடுப்பையும் சேர்க்கவேண்டும் என்பது என் கோரிக்கை: மலை ஒன்றியத்துக்குத் தனி மாதிரி, ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேள்வி, பதில் சொன்னவர் மீது வழக்குப் பாயாது என்ற எழுத்துறுதி, கேட்பவரோடு ஒரு மனநல ஆலோசகர். மாவட்ட மனநலத் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் வழியாகவே இதைத் தொடங்கலாம்.