பத்து வருடம் திருடன் என்று நினைத்த காவலாளி



கிரிவலம் போகும்போது செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டித்தான் போகிறோம். பகவான் ரமணர் புற்றுநோயால் மறைந்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இடது முழங்கைக்கு அருகே ஒரு சின்னக் கட்டி. 1949 பிப்ரவரியில் அகற்றினார்கள், மறுபடி வந்தது. அந்த டிசம்பருக்குள் நான்கு அறுவை சிகிச்சை ஆயிற்று. ரேடியமும் வைத்துப் பார்த்தார்கள். கையை எடுத்துவிடலாம் என்றதற்கு அவர் சம்மதிக்கவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு சமாதி அடைந்தார். தசை, எலும்பு போன்ற இடங்களில் வரும் சார்கோமா வகை அது.

ஒரு செல் ஏன் இப்படிக் கட்டுக்கடங்காமல் பெருகுகிறது? அன்று மருத்துவர்களிடம் இதற்குப் பதில் இல்லை. டிஎன்ஏவின் வடிவமே 1953-இல்தான் தெரிய வந்தது.

1979-இல் இங்கிலாந்து, அமெரிக்கா, பிரான்ஸ் ஆய்வாளர்கள் புற்றுநோய் செல்களில் ஒரு புரதத்தைக் கண்டார்கள். பெயர் பி-53. கட்டிகளில் அது நிறைய இருந்ததால், நோயை வளர்ப்பதே இதுதான் என்று முடிவு கட்டினார்கள். 1989-இல்தான் உண்மை புரிந்தது. அவர்கள் சோதனைக்கு எடுத்திருந்தது கெட்டுப்போன பி-53. நல்ல பி-53 புற்றுநோயைத் தடுப்பது! காவலாளியைப் பத்து வருடம் திருடன் கணக்கில் எழுதி வைத்திருந்தார்கள்.

அது செய்யும் வேலை என்ன? நான் வங்கியில் இருந்தவன், அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன். கிளார்க் வவுச்சர் எழுதினாலும், அதிகாரி சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பணம் வெளியே போகும். செல் இரண்டாகப் பிரியும் முன் பி-53 அந்த அதிகாரி போல நிற்கிறது. டிஎன்ஏவில் சேதம் இருந்தால், பி-21 என்ற இன்னொரு புரதத்தை வரவழைத்துப் பிரிவதை நிறுத்துகிறது. சேதம் சரியானால் அனுமதி. சரியாகாவிட்டால் அந்த செல்லையே அழிய வைக்கிறது. மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்த பி-53 கெட்டுப்போயிருக்கிறது. அதிகாரி நாற்காலி காலி; வவுச்சர்கள் தானாகவே பாஸ் ஆகின்றன.

நம் கோயில் யானை ருக்குவை மறந்திருக்க மாட்டீர்கள். அத்தனை பெரிய உடம்பிலும் யானைகளுக்குப் புற்றுநோய் குறைவு. நமக்குத் தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று என இரண்டே பி-53 மரபணுப் பிரதிகள். யானைக்குச் சுமார் நாற்பது என்று 2015-இல் கண்டுபிடித்தார்கள்.

நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனால் வசதி இருக்கிறது. ரமணர் மறைந்த நான்காம் ஆண்டில், 1954-இல், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. இன்றும் நடக்கிறது.

என்னோடு வேலை பார்த்த ஒருவர், தொடையில் இருந்த கட்டியை வலிக்கவில்லையே என்று ஒன்றரை வருடம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னபோது நாள் கடந்துவிட்டது. எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. ஆனால் எது, எது அல்ல என்பதை டாக்டர் சொல்லட்டும். வளர்ந்துகொண்டே வரும் கட்டியை, வலி இல்லாவிட்டாலும், இந்த வாரமே காட்டிவிடுங்கள்.