கொச்சியில் பெயர் பதிந்த வேர்

கொச்சி டச்சுக்காரர் கையில் இருந்த காலம். அங்கே தளபதியாக இருந்த வான் ரீட், மலபாரின் மூலிகைகளைத் தொகுக்க முனைந்தார். ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் செடிகளின் குணம் சொன்னார். ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற கொங்கணி அந்தணர்கள் துணை நின்றார்கள். அப்படி உருவான 'ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்' நூல் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது. ஆறாம் தொகுதியில் 'சுவன்ன அமல்பொடி' என்றொரு குறுஞ்செடி இடம்பெற்றது. அதை நாம் சர்ப்பகந்தி என்கிறோம். வெள்ளையும் சிவப்புமாகக் கொத்துப்பூ. நெளிந்து இறங்கும் வேர், வாயில் வைத்தால் கடுங்கசப்பு.

1931-இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும், இந்த வேர் மனநோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து என்று எழுதினார்கள். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அதிலிருந்து ரெசர்பைனைப் பிரித்தெடுத்தது. ஈராண்டில் நியூயார்க்கில் நேதன் கிளைன் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார்.

எப்படி வேலை செய்கிறது? 1957-இல் சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பைன் செலுத்தினார். அவை அசைவற்றுக் கிடந்தன. எல்-டோபா ஊசி போட்டதும் எழுந்து நடமாடின. நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளை நரம்பு முனைகளின் நுண்பைகளில் சேரவிடாமல் ரெசர்பைன் தடுக்கிறது. எல்-டோபா மூளைக்குள் டோபமைனாக மாறி அந்தக் குறையை நிரப்புகிறது. டோபமைன் ஆய்வுக்காகக் கார்ல்சன் 2000-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1970-களில் டொராண்டோவில் பிலிப் சீமன் அடுத்த கண்ணியைக் கண்டார். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்ற மனநோய்க்கான மருந்துகள் டோபமைனைப் பிடித்துக்கொள்ளும் டி2 ஏற்பியை அடைக்கின்றன. எந்த மருந்து இறுக்கமாகப் பற்றுகிறதோ அதற்குக் குறைந்த அளவே போதும். அந்த ஏற்பிக்கான மரபணு 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. 2014-இல் சுமார் 37,000 நோயாளிகளின் மரபணுக்களை ஒப்பிட்ட பன்னாட்டு ஆய்வு, மனச்சிதைவோடு தொடர்புள்ள 108 இடங்களைக் காட்டியது. டி2 மரபணுப் பகுதி அவற்றில் ஒன்று.

108-இல் ஒன்று என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மரபணு மாற்றமும் ஆபத்தைச் சிறிதளவே கூட்டுகிறது. பலவும் சேர்ந்து, வாழ்க்கைச் சூழலும் கூடித்தான் நோய் வருகிறது. 'அவங்க பரம்பரையே அப்படி' என்று ஒரு குடும்பத்தை ஒதுக்கவோ, நிச்சயித்த கல்யாணத்தை நிறுத்தவோ இந்த அறிவியலில் ஆதாரம் இல்லை. சர்ப்பகந்தி வேரை இடித்து வீட்டிலேயே கொடுப்பதும் ஆபத்து: ரத்த அழுத்தம் சரியும், மனச்சோர்வு வரலாம். இதைவிடச் சிறந்த மருந்துகள் இன்று இருக்கின்றன. மனச்சிதைவு சாபமல்ல, வைத்தியம் உள்ள நோய். மந்திரவாதியைத் தேடி அலையாமல் மனநல மருத்துவரிடம் சீக்கிரம் அழைத்துப்போவதே குடும்பம் செய்யக்கூடிய பெரிய உதவி.