ஆள் பிடித்தவர்களும் பேர் கொடுத்தவர்களும்

‘ரெக்ரூட்’ என்கிற ஆங்கில வினையை இன்று எல்லோரும் கூசாமல் புழங்குகிறோம். கம்பெனி ரெக்ரூட் பண்ணுகிறது, பட்டாளம் ரெக்ரூட் பண்ணுகிறது, இயக்கங்களும்தான். ஆபீஸ் வாசனை அடிக்கிற சுத்தமான சொல். பிரெஞ்சு வழியாக வந்த இதன் வேர்ப்பொருள் ‘திரும்ப வளர்தல்’. சண்டையில் ஆள் செத்துக் குறைந்துபோன படையை மறுபடி நிரப்புவது. வெட்டினால் துளிர்க்கிற செடியைப் போல மனிதர்கள். காலனிய ஆவணங்களிலிருந்து அடித்தள மக்களின் வரலாற்றை எழுத முற்படுகிற நாம், இந்தச் சொல்லையும் அங்கிருந்து அப்படியே நகலெடுத்துக்கொள்ளலாமா?

இலங்கையை எடுத்துக்கொள்வோம். 1830களிலிருந்து காப்பித் தோட்டங்களுக்கும், 1867க்குப் பிறகு மெல்ல மெல்லத் தேயிலைக்கும் திருச்சி, தஞ்சை, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து ஆட்கள் போனார்கள். கடலைத் தாண்டி மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடை. காலராவும் காய்ச்சலும் பசியும் வழியெல்லாம் பிணங்களைப் போட்டன. செத்தவர் இடத்தை நிரப்ப அடுத்த கூட்டம் வந்தது. வேர்ப்பொருள் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள். ஆவணங்களோ ‘கூலிகள் ரெக்ரூட் செய்யப்பட்டனர்’ என்கிற செயப்பாட்டுவினையில் கணக்கை முடித்துக்கொள்கின்றன. செய்தவன் யார்? துரை கொடுத்த முன்பணத்தை மடியில் முடிந்துகொண்டு சொந்த ஊருக்கு வந்த கங்காணி. ஊர்க்கடனை அடைத்தான், வழிச்செலவுக்குக் கொடுத்தான், எல்லாவற்றையும் கூலிக்காரன் பேரில் பற்று எழுதிக்கொண்டான். வேலைக்கு இறங்குகிற ஒவ்வோர் ஆளுக்கும் நாள்தோறும் அவனுக்குத் ‘தலைக்காசு’ உண்டு. பெரிய கங்காணி, அவனுக்குக் கீழே சில்லறைக் கங்காணி. போனவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், அருந்ததியர். பெரிய கங்காணிகளில் பலர் சாதி அடுக்கில் அவர்களுக்கு மேலே இருந்தவர்கள். ஊரும் சேரியும் கப்பலேறிப்போய் லயத்திலும் குடியேறின. இவ்வளவும் அந்த ஒற்றை வினைக்குள் மறைந்துகிடக்கிறது.

இன்னும் வேடிக்கை, ‘துண்டு’. ஒரு காகிதத் துண்டுதான். இந்தக் கங்காணியின் ஆட்களுக்கு இவ்வளவு பாக்கி, அதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுப்பது. அடுத்த தோட்டத்துத் துரை பணத்தைக் கட்டி முழுக் கூட்டத்தையும் எடுத்துக்கொள்வான். ஆட்களோடு கடனும் கைமாறும். கூடுதல் முன்பணம் காட்டிப் பக்கத்துத் தோட்டத்து ஆட்களை இழுக்கிற போட்டி முற்றியபோது, துரைமார்கள் அதற்கு வேறொரு சொல்லைக் கண்டுபிடித்தார்கள்: ‘கிரிம்ப்’. மாலுமிகளை ஏமாற்றிக் கப்பலேற்றுகிற தரகர்களைக் குறித்த துறைமுகச் சொல் அது. கிராமத்தில் பணத்தைக் காட்டி ஆளை அழைத்தால் ரெக்ரூட். பக்கத்துத் தோட்டத்தில் அதே பணத்தைக் காட்டி அழைத்தால் கிரிம்ப், அதாவது திருட்டு! செயல் ஒன்றுதான். இழப்பவன் யார் என்பதைப் பொறுத்து வினைச்சொல் மாறுகிறது. மகனை அனுப்பிவிட்டு நிற்கிற கிழவிக்கு இப்படிப் பேர் சூட்டுகிற அதிகாரம் கிடையாது. போட்டியைக் கட்டுப்படுத்தத் துரைமார்கள் 1904இல் திருச்சியில் பொது அலுவலகமே திறந்தார்கள். துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

நம் மக்கள் இதை ‘ஆள் பிடிக்கிறது’ என்றார்கள். மீன் பிடிக்கிறது, மாடு பிடிக்கிறது, பிள்ளை பிடிக்கிறது என்கிற வரிசையில் வைத்துக் கேட்டால் உண்மை பளிச்சென்று தெரியும். அதற்காகத் தமிழ்ச் சொல் என்றாலே மக்கள் பக்கம் நிற்கிறது என்று கொண்டாடிவிட வேண்டாம். ‘ஆள் பிடி’யிலும் அந்த ஆள் செயப்படுபொருள்தானே? பண்ணையாளை இழந்த தஞ்சை மிராசுதாரும் தமிழில்தான் பேசினார்: ‘பய ஓடிப்போயிட்டான்’. அவர் வாயில் அது கடன் ஏய்ப்பு. பண்ணையாளுக்கோ சவுக்கடியிலிருந்தும் சாணிப்பாலிலிருந்தும் விடுதலை. அங்கே என்ன காத்திருந்தது என்பது வேறு விஷயம். ‘கண்டிக்குப் போனோம்’ என்கிறபோதுதான் போனவர் எழுவாய் ஆகிறார். ஏமாந்ததும் தப்பித்ததும் சேர்ந்தே அந்தப் ‘போனோ’முக்குள் இருக்கிறது. பலிகடா என்கிற ஒரே சித்திரத்துக்குள் அது அடங்காது.

மலேயாவிலும் இதே கங்காணி முறை இருந்தது. 1938இல் இந்திய அரசு தடை போட்டபிறகு அது நின்றது. 1942இல் ஜப்பான் வந்தது. சயாம்-பர்மா ரயில்பாதைக்குத் தோட்டத் தமிழர்களைக் கொஞ்ச நாள் வேலை, நல்ல கூலி என்று ஆசைகாட்டி அழைத்தார்கள். அப்புறம் பலவந்தமாகவே அள்ளினார்கள். இலவச சினிமா என்று உள்ளே கூட்டிக் கதவை அடைத்துக் கொண்டுபோனதை உயிர் தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதே தோட்டங்களில், 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தபிறகு, இந்திய தேசிய ராணுவத்துக்கும் ஆள் சேர்ந்தது. ஜான்சி ராணிப் படைக்குப் பால்வெட்டு மரத்தடியிலிருந்து பெண்கள் போனார்கள். இதற்குத் தமிழில் அழகான வழக்கு உண்டு: ‘பேர் கொடுத்துட்டான்’, ‘பேர் கொடுத்துட்டா’. கொடுப்பவர் இங்கே எழுவாய். தேசபக்திக் கதையாடல் இதை அப்படியே விழுங்கிக்கொள்ளும். ஆனால் ரயில்பாதைக்குப் பிடிபடாமல் தப்பிக்கவும் பலர் பேர் கொடுத்தார்கள், சாப்பாட்டுக்காகவும் கொடுத்தார்கள். துரையையும் கிராணியையும் நிமிர்ந்து பார்க்காதவர்களுக்குக் கையில் துப்பாக்கி கிடைத்ததும் சின்ன விஷயமில்லை. எது விருப்பம், எது நிர்ப்பந்தம் என்று கோடு கிழிக்க நம்மிடம் அளவுகோல் இல்லை.

ஆங்கிலத்தில் ‘என்லிஸ்ட்’ என்றால் பட்டியலில் பேர் சேர்ப்பது. 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. தாய்லாந்தின் காஞ்சனபுரிக் கல்லறையில் போர்க்கைதிகளுக்கு 6,900க்கும் மேற்பட்ட கல்லறைகள். பெரும்பாலானவற்றில் பேர், பதவி, படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கிறது. அதே பாதையில் செத்த ஆசியக் கூலிகளுக்கு முழுப் பெயர்ப்பட்டியல் கிடையாது. எத்தனை பேர் என்பதிலேயே மதிப்பீடுகள் பல ஆயிரக்கணக்கில் வேறுபடுகின்றன.