வெள்ளி ரூபாவும் தோட்டக் கூலியும்

ஒரு நாட்டின் நாணயம் மற்றொரு நாட்டின் நாணயத்துக்கு எந்த வீதத்தில் மாறுகின்றது என்பது வங்கியாளருக்கும் வணிகருக்கும் மட்டுமே உரிய செய்தி என நம்மிற் பலர் எண்ணுகின்றனர். நமது பாடநூல்களும் அவ்வெண்ணத்தையே வளர்க்கின்றன. மன்னர் பெயர்களையும் போர் நடந்த ஆண்டுகளையும் மனனஞ் செய்யும் மாணவன், தன் பூட்டன் உழைத்த நாளில் ஒரு ரூபாவுக்கு எத்தனை பென்ஸ் கிடைத்தது என்பதை அறியான். ஆனால், வீதம் மாறும்போது ஒருவர் கையிலிருந்த பொருள் இன்னொருவர் கைக்குப் போகின்றது. யார் கையிலிருந்து யார் கைக்கு? இவ்வினாவை முன்வைத்தே ரூபாவுக்கும் பிரித்தானியப் பவுணுக்கும் இடையிலான உறவின் வரலாற்றை நாம் நோக்குதல் வேண்டும்.

1872ஆம் ஆண்டு தொடக்கம் இலங்கையின் நாணயம் ரூபா ஆயிற்று. அது இந்தியாவில் வழங்கிய அதே வெள்ளி ரூபா. இங்கு நூறு சதமாகப் பகுக்கப்பட்டது. 240 பென்ஸ் கொண்ட பவுணோ பொன்னை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே, பொன்னுக்கும் வெள்ளிக்கும் இடையிலான விலைத்தொடர்பே இரு நாணயங்களுக்கும் இடையிலான வீதமாயிற்று. அவ்வேளையிலேதான் ஜெர்மனி பொன் நாணயத்துக்கு மாறித் தன் வெள்ளியை விற்கத் தொடங்கியது. ஐரோப்பிய நாடுகள் பலவும் வெள்ளி நாணயம் அடிப்பதைக் கட்டுப்படுத்தின. அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்து புதிய வெள்ளி வந்து குவிந்தது. வெள்ளி விலை சரிந்தது, ரூபாவும் சரிந்தது. 1872-73இல் ஏறக்குறைய இருபத்திரண்டே முக்காற் பென்ஸ் பெற்ற ரூபா, 1894-95இல் 13 பென்ஸ் அளவுக்கு இறங்கிற்று.

இதன் சுமையைச் சுமந்தோர் யார்? இந்திய அரசு கடன் வட்டி, ஓய்வூதியம், படைச்செலவு ஆகியவற்றை ஆண்டுதோறும் இலண்டனிற் பவுணாகச் செலுத்தியது. ஒரு பவுணுக்குப் பத்தரை ரூபா போதியதாயிருந்த நிலை மாறிப் பதினெட்டு ரூபாவுக்கு மேல் தேவைப்பட்டது. மேலதிக ரூபா குடிமக்களின் வரியிலிருந்தே வரவேண்டும். 1888இல் உப்பு வரி மணங்குக்கு 2 ரூபாவிலிருந்து இரண்டரை ரூபாவாக உயர்த்தப்பட்டது. பர்மாப் போர்ச் செலவோடு ரூபாவின் வீழ்ச்சியும் அதற்குக் காரணமாகும். ஆனால், இங்கிலாந்திலுள்ள குடும்பங்களுக்குப் பணம் அனுப்பிய ஐரோப்பிய உத்தியோகத்தருக்கு 1893இல் நாணயமாற்று நட்டத்தை ஈடுசெய்யத் தனிப்படி வழங்கப்பட்டது. கஞ்சிக்கு உப்பிட்டவனுக்கு எவரும் படி வழங்கவில்லை.

இனி நமது மலைநாட்டுக்கு வருவோம். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலை இலண்டனிற் பவுணுக்கு விற்கப்பட்டது. கூலி இங்கே ரூபாவிற் கொடுக்கப்பட்டது. ஆண் தொழிலாளியின் நாட்கூலி ஏறத்தாழ 33 சதம். இத்தனை ஆண்டுகளிலும் அது பெரிதும் மாறவில்லை. அந்த 33 சதம் 1872-73இல் ஏழரைப் பென்சுக்குச் சமம். 1894-95இல் நாலேகாற் பென்சுக்குச் சமம். தொழிலாளி அதே மலையில் அதே வேலையைச் செய்தான். இலண்டன் கம்பெனியின் கணக்கேட்டில் மட்டும் அவனுடைய உழைப்பின் விலை நூற்றுக்கு நாற்பதுக்கு மேற் குறைந்துவிட்டது.

இலண்டனில் தேயிலை விலையும் அக்காலத்தில் வீழ்ந்ததே என்று கூறுவர். உண்மையே. விலை வீழ்ந்தும் தோட்டங்கள் விரிந்தமைக்கு மலிந்த ரூபாக்கூலியும் முட்டுக்கொடுத்தது. தொழிலாளி உண்ட அரிசி இந்தியாவிலிருந்து ரூபாக் கணக்கிலேயே வந்தது. ஆதலால் வீதத்தின் வீழ்ச்சி அவன் வயிற்றை உடனே தாக்கவில்லை என்றும் கூறுவர். அதுவும் உண்மையே. ஆயின், சூட்சுமம் அங்கேதான் இருக்கின்றது. கையில் விழும் சதம் குறையாதபோது, தன் உழைப்பின் பயனில் எவ்வளவு கடல் கடந்து தங்குகின்றது என்பதை அவன் எவ்வாறு அறிவான்?

1893இல் இந்திய நாணயசாலைகள் தனியாரின் வெள்ளியை நாணயமாக அடித்துக்கொடுப்பதை நிறுத்தின. ரூபா மெல்ல ஏறி, 1898இல் 16 பென்ஸை எட்டியது. பவுணுக்குப் பதினைந்து ரூபா என்பது வீதமாயிற்று. ரூபா ஏறியதும் தேயிலை முதலாளிகள் முறையிடலாயினர். அந்த முறைப்பாடே, முன்னைய வீழ்ச்சியால் இலாபமடைந்தோர் யாவர் என்பதற்குச் சான்றாகும்.

இது பழங்கதையன்று. 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவென நிர்ணயிக்கப்பட்டது. அன்று டொலர் ஏறத்தாழ 200 ரூபா. ஆகவே அச்சம்பளம் ஐந்து டொலர். 2022 மே மாதத்தில் டொலர் 360 ரூபாவளவில் நின்றபோது அதே சம்பளம் மூன்று டொலருக்கும் குறைந்தது. தேயிலையோ டொலருக்கே விற்கப்பட்டது. அன்றைய தொழிலாளிக்கு இருந்த அரிசிப் பாதுகாப்புக்கூட இன்றைய தொழிலாளிக்கு இருக்கவில்லை. ரொட்டி சுடும் கோதுமை மாவுக்குரிய தானியமும் லயத்து விளக்கெரிக்கும் மண்ணெண்ணெயும் டொலர் கொடுத்தே வாங்கப்படுகின்றன. 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது.

நாணயமாற்று வீதத்தை மழை வெயில் போன்ற இயற்கை நிகழ்ச்சியாகக் காட்டுவோர் உளர். மழை எல்லார் மீதும் பெய்கின்றது. வீதம் அவ்வாறு பெய்வதில்லை. நாணயத்தின் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் கரும்பலகையில் ரூபாவின் வீதத்தை எழுதும்போது, அதன் பக்கத்தில் அன்றைய நாட்கூலியையும் எழுதுவாராக. எஞ்சிய பாடத்தை மாணவர் தாமே கணக்கிட்டு அறிந்துகொள்வர்.