பரண்மேல் ஏறியவர்கள் மறந்த கயிறு

வேட்டையின் வரலாற்றை எழுதியோர் வில்லுக்கும் வேலுக்கும் துப்பாக்கிக்கும் பல பக்கங்களை ஒதுக்கியுள்ளனர். மரத்தின்மேல் அமர்ந்து வேட்டையாடியவன் எவ்வாறு ஏறினான், எவ்வாறு அமர்ந்தான், எவ்வாறு உயிரோடு இறங்கினான் என்பன பற்றி அவர்கள் எழுதியது குறைவே. அச்சிறு வரலாற்றைச் சுருக்கமாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதணமும் மச்சானும்

உயரத்தில் அமர்ந்து விலங்கைக் காணும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. தினைப்புனம் காத்த குறிஞ்சி நிலப் பெண்கள் ஏறியிருந்த பரணைச் சங்க நூல்கள் 'இதணம்' என்று குறிக்கின்றன. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் ஏறும் இதணம், மரத்தின்மீது கட்டப்பட்டது. புலியும் அஞ்சும் தன்மையது. தழல், தட்டை, குளிர் ஆகிய கருவிகளைக் கொண்டு கிளிகளை ஓட்டுவதே அப்பெண்களின் பணி. ஆயினும் பரணை அத்துணை உயரத்தில் கட்டியோர் கிளியை மட்டுமல்லாது புலியையும் நினைத்தே கட்டினர் என்பது இதனால் விளங்கும்.

வட இந்தியாவில் இவ்வமைப்பை 'மச்சான்' என்பர். நம் வீட்டு மச்சானுக்கும் இதற்கும் எவ்வித உறவும் இல்லை. இது 'மஞ்சம்' என்னும் வடசொல்லின் வழிவந்தது. இந்தியாவை ஆண்ட ஆங்கிலேயருள் வேட்டையில் நாட்டம் கொண்டோர் இச்சொல்லை அப்படியே தம் மொழியில் சேர்த்துக்கொண்டனர். ஓர் ஆட்டையோ எருமைக் கன்றையோ தரையில் கட்டிவைப்பர். அல்லது புலி தின்று எஞ்சிய இரையைத் தேடிக் கண்டுபிடிப்பர். அருகிலுள்ள மரத்தில் கட்டிலையோ மூங்கில் தட்டியையோ கட்டி, அதன்மேல் இரவெல்லாம் அசையாது காத்திருப்பர்.

முள்ளை நினைத்தவர், கயிற்றை மறந்தார்

இவ்வாறு காத்திருந்தோருள் உலகறிந்தவர் ஜிம் கார்பெட். 1875ஆம் ஆண்டு நைனித்தாலில் பிறந்தவர். குமாவுன், கர்வால் மலைப்பகுதிகளில் மனிதரைக் கொன்று தின்ற புலிகளையும் சிறுத்தைகளையும் வேட்டையாடியவர்.

1910ஆம் ஆண்டு, ஏறத்தாழ 400 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட பனார் சிறுத்தையைத் தேடி அவர் சென்றார். அமர்வதற்குக் கிடைத்ததோ ஒரு சாய்ந்த மரம். புலி பெரும்பாலும் மரம் ஏறாது. சிறுத்தையோ பூனையைப் போல ஏறிவிடும். எனவே கார்பெட் முட்செடிக் கிளைகளைக் கட்டுக்கட்டாக வெட்டி, அடிமரத்தைச் சுற்றிக் கயிற்றால் இறுகக் கட்டச் செய்தார். இருள் சூழ்ந்ததும் சிறுத்தை ஆட்டை விட்டுவிட்டு மரத்தடிக்கு வந்தது; முட்கிளைகளின் நுனியைப் பற்றி இழுக்கத் தொடங்கியது. கட்டு அவிழவில்லை, அவர் உயிர் தப்பினார். அன்றிரவே அச்சிறுத்தையின் கதையும் முடிந்தது.

இத்துணை முன்யோசனை உடையவர் 1925ஆம் ஆண்டு செய்ததைக் காண்போம். ருத்ரபிரயாகைச் சிறுத்தை 1918 முதல் 1926 வரை 125 பேரைக் கொன்றதாக அரசுப் பதிவேடு கூறுகின்றது. அது அளகநந்தை ஆற்றைக் கடக்கப் பயன்படுத்தும் எனக் கருதிய தொங்குபாலத்தின் கோபுரத்தில், கார்பெட் 20 இரவுகள் காத்திருந்தார். மூங்கில் ஏணியில் ஏறியதும் ஏணியை எடுத்துவிடுவர். விடியும்வரை இறங்க வழியில்லை. கைப்பிடிச் சுவரும் இல்லை. பெருங்காற்று வீசும்போது கல்தளத்தைப் பற்றிக்கொண்டு குப்புறப் படுத்துக்கிடந்தார். கீழே பாறைகள், அவற்றை அடுத்துப் பனிநீர் ஓடும் ஆறு. அத்தனை இரவுகளில் பாலத்தைக் கடந்தது ஒரு நரி மட்டுமே.

அந்த நாள்களில் தம்மை ஒரு கயிற்றால் கட்டிக்கொள்ளவேண்டும் என்ற எண்ணமே தமக்குத் தோன்றவில்லை என்று கார்பெட் பின்னர்த் தம் நூலில் வியப்போடு எழுதியுள்ளார். சிறுத்தையைத் தடுக்க முள் கட்டியவர், காற்றுக்கும் உறக்கத்திற்கும் எதிராகக் கயிறு கட்டவில்லை. அச்சம் எப்போதும் விலங்கின்மேல் இருந்தது, உயரத்தின்மேல் இல்லை. அவரைப் போன்ற அறிவாளிக்கே இந்நிலை என்றால், மற்றவரைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை.

1926 மே 2ஆம் நாள், குலாப்ராய் என்னுமிடத்தில் ஒரு மாமரத்தின்மேல் அமர்ந்து அவர் அச்சிறுத்தையைச் சுட்டு வீழ்த்தினார். 1952 பிப்ரவரி 5ஆம் நாள் இரவு, கென்யாவின் 'ட்ரீடாப்ஸ்' மரவிடுதியில் இளவரசி எலிசபெத் தங்கியபோது, ஏணியின் தலைப்பில் துப்பாக்கியோடு காவல் இருந்தவரும் முதுமையடைந்த அதே கார்பெட்டே. அன்றும் அவர் காத்தது, சிறுத்தை ஏறக்கூடிய வழியைத்தான்.

விழுந்தோர் கற்பித்த பாடம்

உயரத்தைப் பற்றிய அச்சம், புலி இல்லாத நாட்டில்தான் முறையான ஆய்வாக மாறியது. அமெரிக்காவில் மான் வேட்டையாடுவோர், மானின் பார்வைக்கும் மோப்பத்திற்கும் தப்பவே மரம் ஏறுகின்றனர். கீழிருந்து அவர்களைத் தாக்க எதுவும் இல்லை. ஆயினும் அவர்கள் காயமுற்றனர். ஜார்ஜியா மாநிலத்தில் 1979 முதல் 1989 வரை பதிவான மான் வேட்டைக் காயங்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை மரப்பரணோடு தொடர்புடையவை என அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 1989இல் வெளியிட்டது.

முதலில் இடுப்பைச் சுற்றி ஒரு வார் கட்டும் பழக்கம் இருந்தது. விழுந்தவனை அவ்வார் தாங்கியது. ஆனால் மார்புவரை ஏறி இறுக்கி மூச்சையும் நிறுத்தக்கூடியதாக இருந்தது. எனவே தோள், மார்பு, தொடை ஆகிய மூன்றையும் பிணைக்கும் முழுவுடல் பாதுகாப்பு வார் வழக்கத்திற்கு வந்தது. அமர்ந்தபின் கட்டிக்கொண்டால் போதாது என்பதும் தெளிவாயிற்று. ஏறும்போதும், ஏணியிலிருந்து பரணுக்குக் கால் மாற்றும்போதும் பலர் விழுந்தனர். இதற்கு விடை தந்தது மலையேற்றக் கலை. ஆஸ்திரிய மலையேறியான கார்ல் புரூசிக் 1931இல் வெளியிட்ட முடிச்சு, பளு இல்லாதபோது கயிற்றில் நகரும். பளு விழுந்ததும் இறுகி நிற்கும். பரணுக்கு மேலிருந்து தரைவரை ஒரு கயிற்றைக் கட்டி, இம்முடிச்சை அதில் இட்டு, தரையில் நிற்கும்போதே வாரை அதனோடு இணைத்துவிட்டால் ஏறும் வழியெங்கும் காவல் உண்டு.

மற்ற விதிகளும் இவ்வாறே பிறந்தன. இரு கை, இரு கால் ஆகிய நான்கில் மூன்று எப்போதும் மரத்தையோ ஏணியையோ பற்றியிருக்கவேண்டும். துப்பாக்கியைச் சுமந்து ஏறலாகாது; தோட்டாவை நீக்கிவிட்டு, மேலே சென்றபின் கயிற்றால் இழுத்துக்கொள்ளவேண்டும். வாரில் அசையாது தொங்கினால் கால்களில் குருதி தேங்கி உயிருக்கே ஆபத்து நேரும். ஆதலால் கால் ஊன்றுவதற்கு ஒரு கயிற்று வளையம் கையில் இருக்கவேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, எந்த மரத்தில் இருக்கிறோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிச் செல்லவேண்டும்.

நம் மண்ணில்

மலாயாவிலும் மரத்தில் அமர்ந்து புலி வேட்டையாடினர். பால்மரத் தோட்டங்களில் புலியால் உயிரிழந்தோர் உண்டு. அக்காலச் செய்திகளை அறிய விரும்புவோர் 1954இல் வெளிவந்த ஏ. லாக்கின் 'திரங்கானுவின் புலிகள்' என்னும் ஆங்கில நூலைப் படிக்கலாம். சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப்புலி 1930இல் சுவா சூ காங்கில் சுடப்பட்டது. இந்தியா 1972இல் சட்டம் இயற்றி வனவிலங்குகளைக் காத்தது. மலேசியா 1976இல் புலியை முழுப் பாதுகாப்புக்கு உட்படுத்தியது. இன்று மலேசியக் காடுகளில் எஞ்சியுள்ளவை 150க்கும் குறைவான புலிகளே. தாமான் நெகாராவில் 'பும்புன்' எனப்படும் உயர்ந்த குடில்களில் ஏறுவோர் இப்போது விலங்குகளைக் காணவே காத்திருக்கின்றனர்.

புலியின்மீது நாம் கொண்ட அச்சம் நீங்கிவிட்டது. இன்று அதன் அழிவை எண்ணியே அஞ்சுகிறோம். உயரமோ மாறவில்லை. ரம்புத்தான் பறிக்கவும் தென்னையில் தேங்காய் இறக்கவும் நம் வீட்டுப் பிள்ளைகள் இன்றும் மரம் ஏறுகின்றனர். அவர்களுள் எத்தனை பேரின் இடையில் ஒரு கயிறு இருக்கின்றது? இருபது இரவுகள் கயிறின்றி அமர்ந்தும் கார்பெட் பிழைத்தார். எல்லாரும் அவ்வாறு பிழைப்பதில்லை. பெற்றோரும் ஆசிரியரும் இதனைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பார்களாக.