மக்காச்சோளமும் ஒரு நுண்ணுயிரும்

1914-இல் முதல் உலக மகாயுத்தம் மூண்டபோது, பிரிட்டனுக்கு அசிட்டோன் என்னும் திரவம் பெருமளவில் தேவைப்பட்டது. கார்டைட் என்னும் புகையற்ற வெடிமருந்தைத் தயாரிக்க அதுவே கரைப்பானாகப் பயன்பட்டது. நீலகிரியிலுள்ள அருவங்காட்டுத் தொழிற்சாலையை அறிந்த நம்மவர்க்குக் கார்டைட் புதிய பெயரன்று. அதுகாறும் மரத்தைச் சுட்டு வடித்தே அசிட்டோனைப் பெற்றுவந்தனர். யுத்தத் தேவைக்கு அது போதவில்லை.

மான்செஸ்டர் சர்வகலாசாலையின் ரசாயன விஞ்ஞானி ஹையிம் வைஸ்மன், மக்காச்சோள மாவைப் புளிக்கச் செய்து அசிட்டோனையும் பியூட்டனாலையும் தரும் நுண்ணுயிர் ஒன்றைக் கண்டெடுத்தார். பின்னர் அதற்குக் கிளாஸ்ட்ரிடியம் அசிட்டோபியூட்டிலிகம் எனப் பெயரிடப்பட்டது. 1917-இல் தானியம் அருகவே, பள்ளிச் சிறுவர்கள் குதிரைச் செஸ்நட் கொட்டைகளைப் பொறுக்கித் தந்தனர். உணவுக்கா, ஆலைக்கா என்ற வினா அன்றே எழுந்துவிட்டது.

இரண்டாம் மகாயுத்தத்துக்குப் பின் பெட்ரோலிய ரசாயனம் மலிவாகக் கிடைத்தமையால் இந்தப் புளிப்பாலைகள் பெரும்பாலும் மூடப்பட்டன. 1973-இல் எண்ணெய் விலை உயர்ந்ததும் பழைய நுண்ணுயிரின்மீது மீண்டும் கவனம் திரும்பியது. ஆயினும் அதற்கு ஒரு குறை உண்டு. கரைப்பான்களைத் தயாரிக்கும் முக்கிய மரபணுக்கள் தனியானதொரு மரபு வளையத்தில் உள்ளன. திரும்பத் திரும்ப வளர்க்கும்போது அவ்வளையத்தை இழந்து, அது தன் தொழிலையே மறந்துவிடுவதுண்டு.

இத்தகைய குறைகளைக் களையக் கருவி வேண்டும். 2001-இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதும் வெளியிடப்பட்டது. 2007-இல் நாட்டிங்ஹாம் விஞ்ஞானிகள் கிளாஸ்ட்ரான் என்னும் முறையை வகுத்தனர். குறித்ததொரு மரபணுவினுள் ஒரு துண்டைச் செருகி அதனைச் செயலிழக்கச் செய்வது அது. 2012-இல் ஷார்பான்டியேயும் டௌட்னாவும் காஸ்-9 என்னும் மரபுக் கத்தரிக்கோலை விளக்கினர். 2020-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றனர்.

அக்கத்தரிக்கோலும் இக்குடும்பத்து நுண்ணுயிர்களுக்கு எளிதில் பொருந்தவில்லை. மரபிழையின் இரு புரிகளையும் அது வெட்டிவிட, அக்காயத்தை ஆற்றும் வலி குன்றிய உயிரணுக்கள் மடிந்தன. ஆதலின் ஒரு புரியை மட்டும் கீறும் வகையில் கத்தரிக்கோல் மாற்றப்பட்டது. 2015-இல், தாவர நாரைச் செரிக்கும் உறவினமான கிளாஸ்ட்ரிடியம் செல்லுலோலிட்டிகத்தில் இம்முறை வெற்றி கண்டது.

நூறாண்டுகளுக்கு முன் எழுந்த வினாவுக்கு விடை இத்திசையில் இருக்கலாம். மனிதன் உண்ணும் தானியத்தை விடுத்து, வைக்கோலையும் மரக்கழிவையும் மூலப்பொருளாக்கும் ஆற்றலை இக்கருவிகள் நுண்ணுயிர்களுக்கு அளிக்குமாயின், அதுவே அவற்றின் சிறந்த பயனாகும். கருவி எத்துணைக் கூரியது என்பதோடு, அது யாருடைய உணவைக் காக்கிறது என்பதையும் நாம் கேட்டறிதல் வேண்டும்.