பசலையைக் காசு கொடுத்து வாங்குகிறோம்



போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு க்ரீம் படம் வந்தது. "பதினஞ்சே நாள்ல கல்யாணக் களை" என்று எழுதியிருந்தது. கீழே வரிசையாக "எந்தக் கடையில கிடைக்கும்?" என்ற கேள்விகள். அங்கே பதில் சொன்னால் சண்டையாகும் என்று இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள்.

நம் மரக்காணத்திலிருந்தே தொடங்குகிறேன். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் நம் ஊர்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. உப்பு வண்டி ஓட்டிய உமணர்களும் அந்த நூலில் வருகிறார்கள். அந்தக் காலத்துப் புலவர்கள் பெண்ணின் அழகை 'மாமை' என்றார்கள். மாந்தளிர் போன்ற நிறம். பிரிவுத் துயரத்தில் அந்த நிறம் போய் உடல் வெளுத்தால் அதற்குப் பெயர் 'பசலை'. அதாவது, வெளுத்துப் போவதை நம் முன்னோர் நோயாகப் பார்த்தார்கள். இன்று அதே நோயை நாம் ட்யூபில் வாங்குகிறோம்.

இந்த ஆசை நமக்கு மட்டும் வந்ததில்லை. 16, 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வசதியான பெண்கள் ஈயத்தை வினிகர் ஆவியில் வைத்து எடுத்த வெள்ளைப் பொடியை முகத்தில் பூசினார்கள். தோல் கெட்டது. கெட்டதை மறைக்க இன்னும் கனமாகப் பூசினார்கள். அடுத்து பாதரசம். தோலில் மெலனின் உண்டாவதை அது தடுக்கும், நிறம் வெளுக்கும். ஆனால் உடம்புக்குள் போய் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இது பழங்கதை இல்லை. பக்கத்துக் கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு அரிதான ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் நிறம் கூட்டும் க்ரீம் பூசியவர்கள்.

நம் நாட்டில் 1919-லேயே 'ஆப்கன் ஸ்நோ' வந்துவிட்டது. 1975-ல் 'ஃபேர் அண்ட் லவ்லி' வந்தது. 2020-ல் அதன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்தார்கள். இவற்றில் விஷம் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. வெளுப்பாக இருந்தால்தான் வேலையும் மாப்பிள்ளையும் என்ற எண்ணத்தை வீட்டுக்கு வீடு விதைத்தது இந்த வகை விளம்பரங்கள்தான். அந்த விதை முளைத்த இடத்தில் ஸ்டீராய்டு புகுந்தது.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. 1952-ல் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் தடவலாம் என்று சுல்ஸ்பெர்கரும் விட்டனும் எழுதியபோது, கரப்பான் நோயாளிகளுக்கு அது பெரிய வரம். 1975-ல் க்ளிக்மேன், வில்லிஸ் என்ற இருவர் மங்குக்காக மூன்று மருந்துகளைக் கலந்தார்கள். அதில் ஒன்று ஸ்டீராய்டு. மருத்துவர் பார்வையில் சில வாரம் போட வேண்டிய அந்த மாதிரிக் கலவைதான், நம் ஊர்க் கடைகளில் அழகு க்ரீம் போல விற்றது.

என்னிடம் படித்த ஒரு பெண், பத்து வருஷம் முன்பு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். உப்பளத்தில் வேலை செய்கிறவள். கன்னம் இரண்டும் சிவந்து, பருக்கள் கிளம்பி, மேலுதட்டில் ரோமம் வளர்ந்திருந்தது. "முதல்ல நல்லா பளிச்சுனு ஆச்சு டீச்சர். இப்ப வுட்டா ரெண்டே நாள்ல மூஞ்சி எரியுது. போட்டாதான் அடங்குது" என்றாள்.

இதுதான் பொறி. ஸ்டீராய்டு தோலை மெலிதாக்கும். நிறுத்தினால் எரியும். எரிச்சலை அடக்க அதையே மறுபடி தேடுவோம். இதற்கு மேல் நம் உப்பளத்தை நினைத்துப் பாருங்கள். மேலே வெயில், பாத்தியில் வெள்ளை உப்பிலிருந்து திரும்பி அடிக்கும் வெயில். அந்த வெயிலைத் தாங்கத் தோலுக்கு இருக்கும் கேடயம் மெலனின். அதைக் கரைத்துவிட்டு அவள் தினமும் பாத்தியில் இறங்கினாள்.

புதுச்சேரியில் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். முகம் தேற ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

அவள் ஒருத்தி இல்லை. 2008-ல் கொல்கத்தாவின் லாஹிரி, கூண்டு என்ற மருத்துவர்கள் இந்தக் கோலத்துக்கு 'ஸ்டீராய்டு சிதைத்த முகம்' என்றே பெயர் வைத்தார்கள். 2011-ல் வெளியான ஆய்வில், முகத்தோல் கோளாறோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு தடவியவர்கள். அதில் 257 பேருக்கு அதைச் சொன்னவர் மருத்துவரே இல்லை. தோல் மருத்துவர் சங்கம் பல வருஷம் போராடியபின், 2018 மார்ச்சில் 14 ஸ்டீராய்டு பூச்சுகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அரசு அறிவித்தது.

இப்போது என் பங்கு. மருத்துவரைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது அந்தப் பெண் கேட்டாள்: "ஆண்டு விழா நாடகத்துல வசனம் எனக்குத்தான் நல்லா வந்துச்சு. ஏன் டீச்சர் என்னைப் பாரத மாதா ஆக்கல?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிவப்பாக இருந்த பிள்ளைக்கு அந்த வேஷத்தைக் கொடுத்தவள் நான். வசனம் தெரிந்தவளுக்குக் கொடுத்தது கூலிக்காரி வேஷம். க்ரீமை அவள் கடையில் வாங்கினாள். நிறம் போதாது என்ற எண்ணத்தை என் வகுப்பிலும் கொஞ்சம் வாங்கியிருக்கிறாள். அன்று சொல்லாத மன்னிப்பை இன்று எல்லார் முன்னாலும் கேட்கிறேன்.

பிள்ளைகளே, வீட்டில் இருக்கும் ட்யூபைத் திருப்பிப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபீட்டசால் என்று இருந்தால் அது மருந்து, அழகுப் பொருள் இல்லை. நெடுநாள் போட்டவர்கள் சட்டென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். தயாரித்தவர் பெயரே இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள்.

பெண் பார்க்கப் போகும் சொந்தங்களே, "பொண்ணு என்ன கலர்?" என்ற கேள்வியை நம் வீட்டிலிருந்து முதலில் எடுத்துவிடுவோம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்